கை மாறக் கை மாறக் கனத்த பூசணி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருஷம் தை மாதம், ஆறுதல்புரம் கோயிலின் அறுப்பின் பண்டிகைக்குச் செல்லத்தாய் காணிக்கையாகக் கொண்டுவந்த பூசணிக்காய், ஒருவர் அதை இன்னொருவருக்குக் கொடுக்கும்போதெல்லாம் ஒரு வீசை எடை கூடியது. அந்த வாரம் சிவகாசிச் சந்தையில் பூசணி மலிவு. கத்தரிக்காய்தான் கொஞ்சம் ஏறியிருந்தது.

ஆறுதல்புரம் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்துக் கரிசல் காட்டில் இருக்கிற ஊர். முக்கால்வாசிப் பேர் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். பண்டிகை ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம் நடக்கும். சேவல், கம்பு, முருங்கைக்காய் என்று வீட்டுக்கு ஒரு பொருள் வந்து குவியும். ஏலத்தில் எடுத்த பொருளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவது அந்த ஊரில் கொஞ்சம் கௌரவக் குறைச்சல். எடுத்தவர் "கோயிலுக்கே" என்று திருப்பிக் கொடுப்பார், அது மறுபடியும் ஏலத்துக்கு வரும், இன்னொருவர் எடுப்பார், அவரும் திருப்பிக் கொடுப்பார். ஒரே ஒரு முட்டை காலையிலிருந்து மத்தியானம் வரை ஊரைச் சுற்றிவிட்டு, கடைசியில் யாருடையது என்றே தெரியாமல் உடைந்துபோனதும் உண்டு. வருஷம் முழுக்க முகம் கொடுத்துப் பேசாத பங்காளிகள்கூட அன்றைக்கு ஒருவரை ஒருவர் மிஞ்சிக் கேட்பார்கள், தோற்றவன் ஜெயித்தவனைப் பார்த்துச் சிரிப்பான். கொடுப்பதில் இப்படி ஒரு குஷி இருக்கிறது என்பது அந்த ஊருக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல.

ஏலத்துக்கு வருகிற பொருளை நிறுத்துச் சொல்பவர் வேதக்கண். கோயில் களஞ்சியத்துக்கு அவர்தான் உக்கிராணக்காரர். பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒதுக்கி வைக்கிற பிடியரிசியும், வெள்ளாமையில் முதல் பங்காக வருகிற கம்பும் சோளமும் அவருடைய சாவிக்குக் கீழேதான் கிடக்கும். எறும்புகூட அவரிடம் உத்தரவு வாங்கிவிட்டுத்தான் உள்ளே போகும் என்று ஊரில் கேலி செய்வார்கள். அந்தக் கேலி அவருக்கு வெல்லக்கட்டி. தன் பொறுப்பில் இருந்த எதுவும் இதுவரை குறைந்ததில்லை என்பதுதான் அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே பெருமை. நம் கையில் இருப்பதெல்லாம் ஆண்டவர் நம்மிடம் ஒப்படைத்தது என்று சபைப் போதகரான ஐயர் பிரசங்கத்தில் சொல்லும்போது, வேதக்கண் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுவார். ஒப்படைத்ததைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், அம்புட்டுத்தான் என்று அவர் புரிந்துகொண்டிருந்தார். எதற்காக ஒப்படைத்தார் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

செல்லத்தாய் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டிக்கூடு ஒட்டிப் பிழைக்கிறவள். புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். கூரைமேல் படர்ந்த கொடியில் காய்த்த ஒரே காயைக் கூச்சத்தோடு கொண்டுவந்து வைத்தாள். வேதக்கண் நிறுத்தார், இரண்டு வீசை. சேவல் வாங்கலாம் என்று பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த, கரிசல் உழுகிற சம்சாரி சுந்தரபாண்டி விளையாட்டாகக் கேட்க, காய் அவர் தலையில் விழுந்தது. எல்லோரும் திருப்பிக் கொடுப்பதைப் பார்த்துவிட்டு, "நான் மட்டும் எளைச்சவனா, இந்தாங்க" என்று அவரும் கொடுத்தார். நிறுத்தால் மூன்று வீசை. பட்டாசுக் கம்பெனிகளுக்குக் கலர் காகிதம் விற்கிற சிவகாசி கமாலுதீன் அந்த வழியாகச் சைக்கிளில் வந்தவர், கூட்டத்தைப் பார்த்து இறங்கி, ஏலம் கேட்டு, எடுத்து, சிரித்தபடி திருப்பிக் கொடுத்தார். நான்கு வீசை. வேதக்கண் தட்டை மாற்றிப் போட்டுப் பார்த்தார், படிக்கல்லை மாற்றிப் பார்த்தார். தராசில் ஒரு குறையும் இல்லை. கொடுத்தவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று பூசணி பார்க்கவுமில்லை. பொழுது சாய்வதற்குள் அதைத் தூக்க நான்கு ஆள் வேண்டியிருந்தது.

இப்பேர்ப்பட்ட காயை அறுக்கக் கூடாது, அடுத்த பண்டிகைக்குப் பேராயரை வரவழைத்துக் காட்ட வேண்டும் என்று கோயில் கமிட்டி தீர்மானம் போட்டது. அதுவரைக்கும் வேதக்கண் பொறுப்பு. களஞ்சியத்தின் கதவு நிலையைப் பெயர்த்துத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். வேதக்கண் வைக்கோல் பரப்பி அதன்மேல் உட்காரவைத்து, பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

பங்குனியில் அது குறைய ஆரம்பித்தது. அழுகவில்லை, வாடவில்லை, தோலில் ஒரு சுருக்கம் இல்லை. இருக்கிறபடியே சிறுத்துக்கொண்டு வந்தது. வேதக்கண் எலிப்பொந்தை அடைத்தார், கூரை ஓட்டைப் பிரித்து மேய்ந்தார், விருதுநகர் போய்ப் பெரிய பூட்டாக வாங்கி வந்து மாட்டினார். பூட்டு பெரிதான பிறகு காய் இன்னும் சீக்கிரமாகச் சிறுத்தது. ஆடி மாதம் ஒற்றை ஆள் தூக்குகிற அளவுக்கு வந்துவிட்டது. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. பேராயர் முன்னால் கதவைத் திறக்கும்போது ஊர் தன்னைக் களவாணி என்று சொல்லும், அத்தனை வருஷத்துப் பேரும் ஒரு நாளில் போய்விடும் என்று நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்காது. கோயிலில் பாட்டுப் பாடும்போது உதடு மட்டும் அசையும்.

தீபாவளி முடிந்து கம்பெனிகளில் சீசன் ஓய்ந்தது. அந்த வருஷம் பார்த்து மழையும் கொட்டித் தீர்த்தது. மழைக்கு ஏங்கிக் கிடக்கிற பூமிதான், ஆனால் பருத்தி நின்ற இடத்திலேயே அழுகியது. ஒட்டிய தீப்பெட்டிக்கூடு காயாமல் ஊதிப்போனது. லோடு ஏற்ற வண்டி வரவில்லை. களஞ்சியத்துத் தானியத்தை ஏற்கெனவே விற்றுக் கோயில் கணக்கில் சேர்த்தாயிற்று. கார்த்திகையில் ஒரு நாள் செல்லத்தாய் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு களஞ்சியத்து வாசலில் வந்து நின்றாள்.

"தோத்திரம் அண்ணாச்சி. வீட்ல அடுப்பெரிஞ்சு ரெண்டு நாளாச்சு. பிள்ளைகளுக்கு அவிச்சுக் குடுக்க ஒரு கீத்துப் பூசணி அறுத்துத் தருவீகளா?"

"அது சபைச் சொத்து தாயி. அதுல கைவைக்க எனக்கு உரிமை இல்ல."

"அதுவும் சரிதான் அண்ணாச்சி. குடுத்ததைத் திருப்பிக் கேக்கக் கூடாதுதான். மனசுல வச்சுக்கிடாதீக" என்று சொல்லிவிட்டு, வந்த மழையிலேயே போனாள்.

வேதக்கண் உள்ளே போய்ப் பார்த்தார். வைக்கோலின் நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பூசணி கிடந்தது. முதலில் அவருக்குத் தன் மானம்தான் நினைவுக்கு வந்தது. பிறகு அந்த மூன்று பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள், தன்மேலேயே அவருக்கு வெறுப்பாக இருந்தது. பசித்த வீட்டுக்கு முன்னால் ஒரு பூட்டைக் காவல் காத்துக்கொண்டு நின்றிருக்கிறோம் என்று வாய்விட்டே சொன்னார். ஏலத்தன்று கை மாறக் கை மாறக் கனத்தது, தன் பூட்டுக்குள் வந்த பிறகுதான் இளைத்தது. இதைப் புரிந்துகொள்ள அவருக்குத் தராசு தேவைப்படவில்லை. இருந்த கொஞ்சத்தையும் கொடுத்துவிட்டால் கமிட்டிக்குக் காட்ட ஒன்றும் இருக்காது என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. அதை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தாமல், செல்லத்தாய் வீட்டுக்கு நடந்தார்.

"இம்புட்டுத்தான் மிச்சம் இருக்கு தாயி. வாங்கிக்கோ. நான் முன்னமே குடுத்திருக்கணும்."

மீதி எங்கே என்று செல்லத்தாய் கேட்கவில்லை. கையை நீட்டி வாங்கினாள், வாங்கிய கை தாழ்ந்தது. அடுப்படிக்குக் கொண்டுபோய் வைத்தபோது அது ஒரு குடும்பம் வயிறாரச் சாப்பிடுகிற காயாக இருந்தது. அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே பாதியை வெட்டி, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ராமுத்தாயிடம் நீட்டினாள். நீட்டும்போது பாதி, ராமுத்தாய் வாங்கும்போது முழுசு. ராமுத்தாய் தன் நாத்தனாருக்கு வெட்டிக் கொடுத்தாள், நாத்தனார் எதிர்வீட்டுக்குக் கொடுத்தாள். மழையோடு மழையாகத் தெருவில் ஆட்கள் பூசணியைச் சுமந்துகொண்டு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதும் வருவதுமாக இருந்தார்கள். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுக்கும் ஆள் போயிற்று. மறுநாள் ஏழாயிரம்பண்ணைக்கு இரண்டு வண்டி போனது. கமாலுதீன் ஒரு கீற்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ச் சிவகாசியில் தன் தெருவுக்குக் கொடுக்க, அந்தத் தெருவில் வெள்ளிக்கிழமை வரைக்கும் பூசணிக் குழம்புதான் என்று சொல்லிக்கொண்டார்கள்.

தை மாதம் பேராயர் வந்தார். கமிட்டியார் முன்னே போக, ஊரே பின்னால் போனது. வைக்கோலைத் தவிர உள்ளே ஒன்றும் இல்லை. எங்கே என்று கேட்டார் ஐயர். வேதக்கண் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"பூட்டி வச்சேன், கொறைஞ்சுது. அதனால குடுத்துட்டேன் ஐயா."

சபைச் சொத்தை யாரைக் கேட்டுக் கொடுத்தீர் என்று கேட்க ஒரு கமிட்டி அங்கத்தினர் வாயைத் திறந்தார். அடைமழையில் தன் வீட்டுப் பிள்ளைகள் ஒரு வாரம் எதைச் சாப்பிட்டார்கள் என்பது நினைவுக்கு வர, திறந்த வாயைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டார். பின்னால் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள், வேதக்கண்ணும்தான். அன்று மத்தியானம் தனக்குப் பரிமாறிய பூசணிக் கூட்டு நன்றாக இருந்ததாகப் பேராயர் சொல்லி, மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்தார். கமிட்டி பூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, வேலையை வேதக்கண்ணிடமே விட்டது.

அதன் பிறகு களஞ்சியம் திறந்தே கிடந்தது. வந்ததைவிடப் போனது அதிகம், ஆனால் காலியாக யாரும் பார்த்ததில்லை. வீசை போய்க் கிலோ வந்தது, பூசணி கிலோவிலும் கூடியது. தராசுக்கு முத்திரை போட வந்த அதிகாரி, தராசில் தப்பில்லை, காயில்தான் தப்பு என்று சொல்லிவிட்டு, ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போனார். அறுபத்தேழாம் வருஷம் வேதக்கண்ணுக்கு முட்டி மடங்காமல் போய், வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். ஒரு நாள் செல்லத்தாய் கொடுத்தனுப்பிய பூசணிக் கூட்டில் இரண்டு வாய் தின்றிருப்பார், கம்பெனி வேலைக்குப் போகிற வெளியூர்ப் பெண் ஒருத்தி குடிக்கத் தண்ணீர் கேட்டு வாசலில் நின்றாள். காலையில் சாப்பிடாத முகம் என்று பார்த்தாலே தெரிந்தது. அவர் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, கூட்டுக் கிண்ணத்தையும் எடுத்து நீட்டினார். அவள் ஒரு கையை நீட்டினாள்.

"ரெண்டு கையாலயும் வாங்கு தாயி, கனக்கும்" என்றார் வேதக்கண்.