ராடாருக்குத் தெரியாத கம்பி

ஃபீஜித் தீவில் நவுவா ஊரை விட்டுக் கிளம்பிய இந்தியக் குடும்பங்களையெல்லாம் அப்பலசாமி ஒரே சொல்லில் அடக்கி வைத்திருந்தார்: ஓடிப்போனவர்கள். எண்பத்தேழில் ஆட்சி கவிழ்ந்தபோது ஓடினார்கள். இரண்டாயிரத்தில் ஓடினார்கள். இப்போது, 2006 டிசம்பரில், ராணுவம் மறுபடி நாட்டைப் பிடித்ததும், பெட்டி கட்டிப் பழகிவிட்டதால் இன்னும் வேகமாக ஓடினார்கள். தன் மகன் யோகேந்திரா ஆஸ்திரேலியா போவது இதில் சேராது. அவனை அங்கே அழைக்கிறார்கள். கோயில் கமிட்டியில் கூட்டத்துக்குக் கூட்டம் இதை அவர் விளக்கியிருந்தார்.

அழைப்பு இன்னும் உறுதியாகவில்லை என்பதை மட்டும் விளக்கவில்லை. அடிலெய்டிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் தலைநகர் சுவாவில் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தார். மத்தியானம் அவர் ஊருக்குக் கிளம்புவதற்குள் யோகேந்திரா தன் ஆன்டெனாவை அவர் கையில் கொடுக்க வேண்டும். பிடித்திருந்தால் வேலை. இல்லையென்றால் யோகேந்திராவும் மற்றவர்களைப் போல அங்கே இருக்கும் மச்சான் தயவில்தான் போவான். ஊர் அதற்கு என்ன பெயர் வைக்கும் என்று அப்பலசாமிக்குத் தெரியும். வைத்ததே அவர்தான்.

அதனால் அவரும் கோட்டுப் போட்டுக்கொண்டு மகனோடு டாக்சியில் ஏறினார். மகன் மடியில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே பஞ்சின் மேல், சின்னத் தகட்டில் நட்டுவைத்த ஒரு செம்புக் கம்பி. யாரோ கோபத்தில் முறுக்கிப் போட்டது மாதிரி கண்டபடி வளைந்திருந்தது.

"இத கொஞ்சம் நேரா பண்ணக் கூடாதா?"

"நேரா இருந்தா ராடார் பாத்துடும், நைனா. சாதா ஆன்டெனா நல்லா கேக்கும், ஆனா ராடார் பட்டா கண்ணாடி மாதிரி மின்னிக் காட்டிக் குடுத்துடும். இது கேக்கும், மின்னாது."

"யாரு வளைச்சது?"

"யாரும் இல்ல. கம்ப்யூட்டர் கணக்குலயே நூத்துக்கணக்கா கம்பி வளைச்சுப் பாக்கும். மட்டமானத கழிச்சிடும். நல்லதுல ரெண்ட சேத்து புதுசா ஒண்ணு பொறக்க வைக்கும். அதுலயும் மட்டத்த கழிக்கும். இப்படியே தலைமுறை தலைமுறையா. கடைசில நின்னத நான் கம்பில செஞ்சேன்."

இது அப்பலசாமிக்குப் பிடித்துப்போனது. அவர் வீட்டிலும் இப்படித்தான். முன்னோர் மெட்ராசிலிருந்து கப்பலேறி வந்த நாள் முதல், நாலு பக்கமும் விசாரிக்காமல் பெண் எடுத்ததில்லை.

"அப்ப கம்ப்யூட்டருக்கும் குலம் கோத்திரம் தெரியுது."

"நடுவுல ஒண்ண சும்மா இஷ்டத்துக்கு வளைச்சும் விடும், நைனா. சில சமயம் அதான் ஜெயிக்கும்."

பஸ் டிரைவரோடு போய், இப்போது சிட்னியில் இரண்டு வீடு வைத்திருக்கும் தங்கை மகள் மோகினி நினைவுக்கு வந்தாள். அப்பலசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுவாவுக்கு முன்னால், லாமி தாண்டி ராணுவச் சாவடி. வண்டிகள் வரிசையில் நின்றன. டாக்சிக்குப் பின்னால் நவுவா பஸ். அதன் முன் ஜன்னலில் கோயில் கமிட்டிச் செயலாளர் நரேந்திரா.

துப்பாக்கி மாட்டிய சிப்பாய் ஒருவன் குனிந்து, அந்த ஊர் வழக்கப்படி வணக்கம் சொல்லி, ஃபீஜி இந்தியில் கேட்டான். "புலா, மாமா. டின்ல என்ன?"

எந்த உறவில் மாமா என்று அப்பலசாமிக்கு விளங்கவில்லை. அவர் யோசிப்பதற்குள் யோகேந்திரா முந்திக்கொண்டான். "ஸ்கிராப், சார். உடைஞ்ச டிவி ஆன்டெனா."

சிப்பாய் கம்பியை எடுத்துப் பார்த்தான், சிரித்தான், திருப்பிப் போட்டான். போகலாம் என்று கையசைத்தான்.

"வண்டிய நிறுத்துப்பா," என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு அப்பலசாமி இறங்கினார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "எங்க குடும்பத்துல எவனும் ஸ்கிராப் தூக்குனதில்ல. இது ராடார் கண்ணுக்கே தெரியாத சாமான்."

சிப்பாய் டின்னுக்குள் மறுபடி எட்டிப் பார்த்தான். "எனக்குத் தெரியுதே, மாமா."

"நீ ராடார் இல்ல."

இதை மறுக்க வழியில்லாமல் சிப்பாய் அதிகாரியைக் கூப்பிட்டான். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றபடியே கூடாரத்திலிருந்து வந்தார் அவர். முழுக்கதையும் கேட்டார். "ராடாருக்குத் தெரியாம யாரு உள்ள வரப் போறாங்க?"

"யாரும் வரல. போறதுக்குத்தான்," என்றார் அப்பலசாமி. யோகேந்திரா கண்ணை மூடிக்கொண்டான்.

பஸ் ஹாரன் அடித்தது. அதிகாரி பெருமூச்சு விட்டார். "மாமா, இது ராடார் சாமான்னா நான் மேல அனுப்பணும். சாமான், பையன், நீங்க, எல்லாத்தையும். அங்க யாருக்கும் இது புரியாது. புரியற வரைக்கும் விடவும் மாட்டாங்க. ஸ்கிராப்னா எடுத்துகிட்டுப் போங்க. நீங்களே சொல்லுங்க, என்ன இது?"

நரேந்திரா பஸ் ஜன்னலுக்கு வெளியே தோள்வரை வந்திருந்தார்.

"ஸ்கிராப்," என்றார் அப்பலசாமி.

"ஹாரன் சத்தத்துல கேக்கல, மாமா."

"ஸ்கிராப். என் மவன் செஞ்ச ஸ்கிராப்." இந்த முறை பஸ் முழுவதற்கும் கேட்டது.

பேராசிரியர் கிளம்பும் நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கம்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யோகேந்திராவின் கையை விடாமல் குலுக்கினார்.

பிப்ரவரியில் அழைப்பு வந்தது. அப்பலசாமி அதைக் கமிட்டியில் முத்திரை வரை படித்துக் காட்டினார்.

"சந்தோஷம், அண்ணே," என்றார் நரேந்திரா. "அங்க பழைய இரும்புக்கு நல்ல கிராக்கியாமே."

"பையன் பொழைச்சுக்குவான்," என்றது கமிட்டி.

அப்பலசாமி வாயைத் திறந்தார். சாவடியில் சொன்னது பொய் என்று இங்கே சொன்னால் அது நாளைக்கே சாவடிக்குப் போய்விடும். மகன் விமானமேற இன்னும் ஒரு வாரம் இருந்தது.

"செம்பு," என்றார். "இரும்பு இல்ல. செம்பு."