தமீம் கழற்றிய கம்பி

தமீம் மறுபடியும் எழுந்துபோய் ஆம்ப்ளிஃபயரின் மேல்தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். இது ஆறாவது தடவை. வாசிப்பு தொடங்கி அரை மணிகூட ஆகவில்லை. கல்யாணத்துக்கு வந்தவன் பெண்ணைப் பார்ப்பான், மாப்பிள்ளையைப் பார்ப்பான், ஒன்றுமில்லாவிட்டால் பந்தி எப்போது என்று பார்ப்பான். இவன் ஒரு தகரப் பெட்டிக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தான். தகடு சுட்டது. போன தடவையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சுட்டது. மேடைக்குப் பின்னால் நின்றபடி, யாரும் பார்க்காத மாதிரி சத்தக் குமிழை ஒரு நூல் அளவு குறைத்தான்.

மேடையில் அம்புரோஸ் ஹவாயன் கிடாரை மடியில் படுக்கப் போட்டு வாசித்துக்கொண்டிருந்தான். அவனுடைய இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மிச்சம். மற்ற மூன்றும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஹார்பரில் போயின. வின்ச் எந்திரத்தில் தூக்கிய சரக்கு, கயிறு அறுந்து அவன் கைமேல் விழுந்தது. அதற்குமுன் சர்ச்சில் பிடில் வாசித்தவன் அவன். "இனிமே அந்தக் கையி இன்னாத்துக்கு ஆவும்?" என்று காசிமேடே உச்சுக் கொட்டியது. ஹவாயன் கிடாருக்கு இடது கையில் ஐந்து விரலும் வேண்டாம், இரும்புத் துண்டைப் பிடித்துத் தந்திமேல் நகர்த்த இரண்டு போதும் என்று அவனாகவே கண்டுபிடித்தான். உச்சுக் கொட்டிய அத்தனை பேரும் இன்று அவன் தங்கை சிலுவையம்மாளின் கல்யாணப் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த ஆம்ப்ளிஃபயர் அமெரிக்கக் கப்பல் ஒன்றின் பாண்டுக்காரனிடமிருந்து வந்தது. வெறும் பெட்டி, ஸ்பீக்கர் கிடையாது. ஸ்பீக்கர் பெட்டி செய்து கொடுத்தது ராயபுரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் தமீம்தான். ஆம்ப்ளிஃபயரின் முதுகில் எட்டு ஓம் ஸ்பீக்கர் என்று போட்டிருந்தது. கைக்குக் கிடைத்ததோ பதினாறு ஓம் ஸ்பீக்கர் இரண்டு. இரண்டையும் பக்கம் பக்கமாக இணைத்து எட்டாக்கினான். ஆம்ப்ளிஃபயர் தள்ளுகிற பலத்தை ஸ்பீக்கர் வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்க ஆளில்லாவிட்டால் அது திரும்பி உள்ளேயே பாய்ந்து டிரான்ஸ்ஃபார்மரைத் தின்றுவிடும் என்று அம்புரோசுக்கு வாய் வலிக்கப் பாடம் எடுத்தான். போதாக்குறைக்கு, ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் வெள்ளைப் பெயிண்டால் எழுதியும் வைத்தான்: ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டாதே.

அந்த எழுத்து இப்போது அவன் கண்ணுக்கு நேரே இருந்தது. எழுதிய கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது அவனுக்கு.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம், அசர் தொழுகை நேரம். கடையில் இந்த ஆம்ப்ளிஃபயரில் கிராமபோன் தட்டைப் போட்டு, முழுச் சத்தத்தில் ஸ்பீக்கர்கள் தாங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தான். தெருக்கோடிப் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. பாங்கு கேட்டால் தமீமின் கடையில் எதுவும் பாடாது. செட்டை அணைத்தால் வால்வு மறுபடி சூடாக நேரம் பிடிக்கும், பிரித்துப் போட்ட செட்டில் குமிழைத் தேடிக்கொண்டிருக்கவும் முடியாது. ஆகவே ஸ்பீக்கர் கம்பியைப் பிடுங்கிவிடுவான். பதினைந்து வருஷப் பழக்கம், சின்ன ரேடியோக்கள் பொறுத்துக்கொண்டன. அன்றும் கை அதன் பாட்டுக்குப் போய்ப் பிடுங்கியது. தலையில் தொப்பியை வைக்கும்போதுதான் உள்ளே படபடவென்று பொறி தெறித்தது. தார் உருகுகிற நாற்றம் வந்தது.

பதறிப்போய்க் கம்பியை மாட்டினான். சத்தம் வந்தது. ஆனால் அடியில் ஒரு உறுமல் சேர்ந்திருந்தது. தகடும் சீக்கிரமே சூடேறியது. அந்த மாதிரி டிரான்ஸ்ஃபார்மர் மதராஸ் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. பிரித்துச் சுற்றப் பத்து நாள் வேண்டும், கல்யாணம் திங்கட்கிழமை. சனிக்கிழமை சொல்லிவிடலாம் என்று இருந்தான். ஞாயிற்றுக்கிழமை அம்புரோசே கடைக்கு வந்து, "நீ இல்லாட்டி நான் இல்ல மாமு" என்று தோளைக் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு எங்கே வாய் திறப்பது?

பாட்டு முடிந்து கை தட்டினார்கள். அம்புரோஸ் கிடாரை வைத்துவிட்டுப் பின்னால் வந்தான்.

"இன்னா மாமு, கொறச்சிகினே கீற? கடேசி வரிசைல ஒருத்தனுக்கும் கேக்கல."

"போதும்பா. கடல் காத்து தூக்கினு போவும்."

"காத்து எதுத்தாப்புல நம்ம பக்கம் அடிக்குது. அடுத்தது சிலுவ கேட்ட பாட்டு. அத்த வாசிக்கத்தான் ஒரு வருசமா வெரலு தேயப் பயகினேன். முழுசாத் தொறக்கப் போறேன்."

அவன் கை குமிழுக்குப் போனது. தமீம் அந்த இரண்டு விரல்களைப் பிடித்துக்கொண்டான். சொல்லாமலே இருந்துவிடலாம். தாங்கினாலும் தாங்கிவிடும், யாருக்கும் தெரியாது. தாங்காவிட்டால் இத்தனை பேர் நடுவில் இவன் கை தந்திமேல் ஊமையாய் நகரும், மறுபடியும் உச்சுக் கொட்டுவார்கள்.

"தொறக்காத அம்புரோசு. உள்ள டிரான்ஸ்ஃபார்மர் வெந்துகீது. நான்தான் பொட்டி ஓடச்சொல்ல கம்பியப் புடுங்கிட்டேன்."

அம்புரோஸ் பெட்டியின் முதுகைப் பார்த்தான். அந்த வெள்ளை எழுத்தைப் படித்தான்.

"எப்போ?"

"வெள்ளிக்கெயம."

"நேத்து ஒன் கடையில நின்னேனே."

"தங்கச்சி கல்யாணம்... ஒன் மூஞ்சப் பாத்து சொல்ல மனசு வரல. எப்டியாவது தாங்கிடும்னு..."

அம்புரோஸ் விரல்களை உருவிக்கொண்டான். கோபித்திருந்தால் தமீமுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் கோபிக்கவில்லை. பந்தலின் நடுவே, வேட்டி மடிப்புக் கலையாமல் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்த ராமதாஸைப் பார்த்தான். அன்றைக்கு வின்ச் ஓட்டியவர் அவர்தான். கயிறு நைந்திருந்தது அவருக்குக் காலையிலேயே தெரியும். ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதார். அம்புரோஸ்தான் அவரைக் கல்யாணத்துக்கு அழைத்திருந்தான்.

"கயிறு அறுந்துச்சே, அதுக்குக்கூட நான் அயுவல மாமு," என்றான். "தெரிஞ்சும் சொல்லலியே, அதுக்குத்தான் அயுதேன். அவரும் இத்தேதான் சொன்னாரு. இன்னும் ஒரு தூக்கு தாங்கும்னு நெனச்சாராம்."

தமீம் மறுபடியும் தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்தான்.

"சரி, இப்ப சொல்லு. தாங்குமா?"

"கொறச்சலா வச்சா தாங்கலாம். முழுசா வச்சா தெரியல. சத்தியமாத் தெரியல."

முன்வரிசையில் சிலுவையம்மாள் திரும்பி அண்ணனைத் தேடினாள். அம்புரோஸ் அவளைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, தமீமிடம் குரலைத் தாழ்த்தினான்.

"அந்தா, ராமதாஸ் அண்ணன் பக்கத்துல எடம் கீது. போயி குந்து. இத்தத் தொடக்கூடாது. பாட்டு முடியறவரைக்கும் எயுந்திரிக்கக் கூடாது."

தமீம் பந்தலின் நடுவே நடந்துபோய்ப் பெஞ்சருகே நின்றான். ராமதாஸ் நிமிர்ந்து பார்த்தார். தோளில் இருந்து நழுவி பெஞ்சில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

"வா நைனா, தாராளமா குந்து. நீதான் அந்தப் பொட்டி செஞ்சவனாமே?"

தமீம் தலையாட்டினான். பரபரத்த கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டான். மேடைக்குப் பின்னால் அம்புரோஸ் குமிழைத் திருகினான். அது போகிற மட்டும் போய் நின்றது. அவன் மேடையேறி, கிடாரை மடியில் இழுத்துப் போட்டு, கண்ணை மூடி, முதல் தந்தியை மீட்டினான்.

பந்தல் துணி அதிர்ந்தது. சமையல்காரர்கள் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்கள். ராமதாஸின் கையில் கேக் பாதி வழியில் நின்றுவிட்டது. பெஞ்சில் இரண்டு பேரும் அசையவில்லை. தந்திமேல் மெள்ள மெள்ள மேலே ஏறிக்கொண்டிருந்த அந்த இரண்டு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.