நாலு விரல் உயரம்

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஓர் ஆவணி மாதத்து மத்தியானம் வந்து இறங்கிய ஏழு வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கால்களும் தரையில் படவில்லை. நாலு விரல் உயரத்தில் நின்றன. தேங்காய் விலை ஏறியிருந்த நேரம் அது. சனங்களுக்குப் பேச வேறு விஷயம் இருந்ததால் முதலில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரம் ஊழியம் செய்ய வந்திருக்கிறார்கள் என்று அவர்களை அழைத்து வந்த போதகர் சொன்னார். பல்லேகலைப் பக்கம் ஒரு சின்ன ஜெபக்கூடத்துக்கு மண்சுவர் எழுப்புவார்களாம், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பார்களாம். தங்குவதற்குக் கமலத்தின் மேல்மாடி, சாப்பாட்டுக்குக் கமலத்தின் அடுப்பு.

கமலம், சந்தைக் கடைகளில் வேலை செய்கிறவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டுப் பிழைத்த விதவை. மேல்மாடியைக் கொடுத்தாளே தவிர மனசைக் கொடுக்கவில்லை. பேய்க்கும் கால் பாவாது, தேவர்களுக்கும் கால் பாவாது. இதுகள் எந்த வகை என்று யார் கண்டது? பக்கத்துப் பலசரக்குக் கடை சாஹுல் ஹமீது நானாவுக்கு மட்டும் இதில் ஒரு கலக்கமும் இல்லை.

"பறந்து வந்த புள்ளைகள்தானே அக்கா, எறங்க ரெண்டு நாள் போகும்" என்றார்.

"இம்புட்டுக் கடல் தாண்டி ஒரு செவரு கட்ட யாராச்சும் வருவாங்களா நானா? எதையோ கொண்டு போகத்தான் வந்திருக்காங்க" என்றாள் கமலம்.

எதை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வீட்டில் கொண்டுபோக இருந்தது ஒன்றே ஒன்றுதான், மகள் இராஜகுமாரி. தட்டெழுத்து வகுப்புக்குப் போய்க் கொஞ்சம் ஆங்கிலம் படித்திருந்த அவளை, மொழிபெயர்க்கக் கூட்டிப் போகிறேன் என்று போதகர் கேட்டபோதே கமலம் கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். மலைநாட்டுத் தமிழர் பலரைப் போல இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தே புருஷன் செத்துப்போனான். அங்கிருந்தும் பதில் வரவில்லை, பிறந்த கண்டியிலும் பிரஜாவுரிமை இல்லை. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பெண்ணை எந்த நாட்டுக்காரனும் கூட்டிப் போகலாமே! அப்படிப் போனால் கமலம் யாருக்காக அடுப்பு மூட்டுவாள்?

ஆகவே அவள் ஒரு காரியம் செய்தாள். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கென்று தனிச் சட்டி வைத்து, அதில் உப்பே போடாமல் சமைத்தாள். நம் வீட்டு உப்பைத் தின்றவனை நாளைக்கு வெளியே போ என்று சொல்ல நாக்கு எழாது, ஒரு சாபம்கூட ஒழுங்காகப் பலிக்காது. அந்தப் பந்தமே வேண்டாம் என்பது அவள் கணக்கு. பாவம், அந்தப் பிள்ளைகள் இந்த ஊர்ச் சாப்பாடே இப்படித்தான் என்று நினைத்து, பருப்பையும் பலாக்காயையும் வாய்க்கு வாய் புகழ்ந்து சாப்பிட்டார்கள்.

ஆனால் பல்லேகலையில் சுவர் எழும்பவில்லை. மண்ணைக் குழைத்து மிதிக்க வேண்டும். இவர்களின் கால் மண்ணுக்கே எட்டவில்லை. முழங்கால் வரை காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஏழு பேரும் காற்றை மிதித்ததை வேலி ஓரம் நின்று பார்த்த ஊர், விசர் பிடித்த கூட்டம் என்று முடிவு செய்தது. வேவு பார்க்க வந்தவர்கள் என்று சிலர் சொன்னார்கள். பொலிஸ்காரர் ஒருவர் வந்து கால்களின் கீழே தடியை விட்டுப் பார்த்து, சட்டத்தில் இதற்கு இடமில்லை, தடையும் இல்லை என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போனார்.

இரண்டாம் வாரம் ஒரு மழைநாள் மாலை, இராஜகுமாரி பாவாடையைத் தூக்கிச் செருகியபடி வாசலில் வந்து நின்றாள். பாவாடை ஓரம் முழுக்கச் சேறு தெறித்திருந்தது. செருப்பில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. கமலம் குனிந்து பார்த்தாள். மகளின் காலுக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் வெளிச்சம் இருந்தது.

அன்று பட்ட துக்கத்தைப் புருஷன் செத்த அன்றுகூட அவள் படவில்லை. மரியாதைக்காக மகளும் அவர்களோடு உட்கார்ந்து அதே சட்டிச் சோற்றைத்தானே தின்றாள்! உப்பில்லாத உடம்பு மண்ணில் எப்படி நிற்கும்? தன் கையாலேயே மகளைக் காற்றில் விட்டுவிட்டோம் என்று தலையில் அடித்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி சாஹுல் ஹமீதின் கடைக்கு ஓடிக் கல்லுப்பு வாங்கி வந்தாள். தனிச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எல்லோருக்கும் ஒரே பானையில் ஆக்கினாள்.

முதல் கவளத்தில் ஹெலன் என்ற பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். இரண்டாம் கவளத்தில் அவள் உட்கார்ந்திருந்த கதிரை முனகியது, குதிகால் இரண்டும் சீமெந்துத் தரையில் டொக்கென்று விழுந்தன. ஒருவர் பின் ஒருவராக ஏழு பேரும் இறங்கினார்கள். தரை குளிர்ந்திருக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மறுநாளே மண் மிதிபட்டது, சுவர் எழுந்தது, காலில் அட்டை கடித்தது.

இராஜகுமாரி மட்டும் இறங்கவில்லை. கமலம் அவள் சோற்றில் இன்னும் ஒரு கை உப்பைப் போட்டுப் பிசைந்தாள்.

"சாப்புடு சாமி, எறங்கிரும்" என்றாள்.

"நான் எப்பவுமே இப்படித்தாம்மா. நீங்க குனிஞ்சு பாத்ததில்ல" என்றாள் மகள். "அப்பாவும் இப்படித்தான் நடந்தாரு. நான் கண்டிருக்கேன்."

கமலம் நம்பவில்லை. வாசலுக்குப் போய் மகளின் செருப்பைப் புரட்டிப் பார்த்தாள். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு வாங்கியது. அடியில் கடைக்காரன் சோக்குக் கட்டியால் எழுதிய அளவுகூட அழியவில்லை.

மூன்று வாரம் முடிந்து வெள்ளைக்காரப் பிள்ளைகள் புறப்பட்டார்கள். அவர்கள் எதையும் கொண்டு போகவில்லை. ஹெலன் கமலத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். வாசலில் இருந்து தெருமுனை வரை ஹெலனுடைய காலடிகள் ஈர மண்ணில் அழுத்தமாகப் பதிந்து கிடந்தன. தெருமுனை வரை கூடவே போய்த் திரும்பிய கமலம் அவற்றின் பக்கத்தில் தன் காலடியைத் தேடிப் பார்த்தாள்.

அந்த வாரமே மகளின் பாவாடைகளையெல்லாம் எடுத்து, ஓரம் பிரித்து, நாலு விரல் நீளம் விட்டுத் தைத்தாள். தைத்து முடித்ததும் நூலைக் கடித்து அறுத்துவிட்டு எழுந்து, தன் சேலையையும் நாலு விரல் இறக்கிக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சந்தையில் இருந்து சாப்பிட ஆட்கள் வரும் நேரமாகிவிட்டது.