எல்லாத்தையும் எடுத்துடுங்க

புனிதனுக்கு முப்பத்தாறு வயதுதான். தலையைப் பார்த்து வயது சொல்லச் சொன்னால் ஐம்பத்தைந்துக்குக் குறையாது. மலேசியாவில் கோலா சாவா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் அவன் மண்டோர், அதாவது கங்காணி. முப்பது ஆட்களை மேய்ப்பது அவனுக்குப் பெரிய காரியமில்லை. உச்சந்தலையில் மிச்சமிருந்த முடியை மேய்ப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. இடது காதுக்கு மேல் நீளமாக வளர்த்த முடியை எடுத்து, எண்ணெய் தொட்டு, வலது காதுவரை கொண்டுபோய்ப் படிய வைப்பான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக ஐந்து மணிக்கு எழுந்தால் போதும். இவன் நாலரைக்கே எழுந்து கண்ணாடி முன்னால் நிற்பான்.

வைத்தியம் பார்க்காமலும் இல்லை. சின்ன வெங்காயச் சாறு, செம்பருத்தி இலை, பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய ஏதோ ஒரு கறுப்பு எண்ணெய். அதைத் தேய்த்த வாரம் வீடே நாறியது, முடி மட்டும் வரவில்லை. மனைவி மரியகொரெட்டி தலையணை உறையைக் கழற்றி வெளியே உதறிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போவாள். ஏதாவது சொல்லித் தொலைத்தாலாவது பரவாயில்லை என்றிருக்கும் அவனுக்கு.

வெள்ளிக்கிழமை அந்தப் பொறுமையும் முடிந்தது. தோட்டத்தில் தண்ணீர் ஓடும் ஒரு கானைத் தாண்டும்போது காற்று வந்து முடியைத் தூக்கிவிட்டது. புதிதாக வந்த வங்காளதேசத்து ஆள் ஓடிவந்து, "பாக்சிக், மெதுவா" என்று மலாயும் தமிழும் கலந்து சொல்லிக் கையைப் பிடித்துத் தாண்டிவிட்டான். பாக்சிக் என்றால் பெரியவர். பிறகு ஆபீசில் அந்த ஆளின் பர்மிட்டைப் பார்த்தால் வயது நாற்பத்தொன்று. போதுமடா சாமி என்று புனிதன் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரந்தாவ் டவுனுக்குப் போனான். முடிவெட்டும் கடையில் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் வேலை பார்த்தார். மொட்டை என்றதும், வேண்டுதலா என்று கேட்டார். இல்லை என்றான். அவர் கத்தியில் புது பிளேடு மாட்டிக்கொண்டே கொஞ்சம் தயங்கினார்.

"அண்ணே, அப்பா இருக்காங்களா?"

புனிதனுக்கு அந்தக் கேள்வியே ஆகாது. அப்பா மாயாண்டி பெடாஸில் அக்கா லோகேஸ்வரி வீட்டில் இருந்தார். நாலு வருடமாகப் பேச்சு இல்லை. புனிதன் ஒரு கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்ற அன்று பெரியவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நான் செத்தா நீ வந்து மொட்டை போட வேணாம்." கொள்ளி வைக்க இருக்கிற ஒரே மகனைப் பார்த்து ஒரு தகப்பன் சொல்கிற பேச்சா இது? சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பதிலாக நாலு பேர் பார்க்க இரண்டு அறை விட்டிருக்கலாம் என்று புனிதன் இன்றைக்கும் நினைப்பான்.

இந்தக் கதையையெல்லாம் கத்தி பிடித்து நிற்கிறவரிடம் அளக்க முடியுமா? "அதெல்லாம் எதுக்குங்க இப்ப. எல்லாத்தையும் எடுத்துடுங்க" என்று சிடுசிடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அப்பன் உயிரோடு இருக்கிறவன் வேண்டுதலும் இல்லாமல் வந்து தலையை நீட்டுவானா? அப்பா பேச்சை எடுத்ததும் முகம் சுண்டிவிட்டது, எல்லாத்தையும் எடு என்கிறான். அவர் புரிந்துகொண்டபடி செய்தார். தலையை வழித்தார், தாடையை வழித்தார், கடைசியில் மீசையையும் வழித்தார். புனிதன் ஈரத்துணி தந்த சுகத்தில் அரைத்தூக்கத்தில் இருந்தான். கண்ணைத் திறந்தபோது கண்ணாடியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். ஒரு விநாடிக்கு மேல் பார்க்கத் தைரியம் வரவில்லை. முகத்தில் என்னவோ குறைகிற மாதிரி பட்டது. முடிதானே குறைகிறது, வேறென்ன என்று எழுந்துவிட்டான். கடைக்காரர் அவன் இரண்டு கையையும் பிடித்து, மனசைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார். முடி போனதற்கு இவ்வளவு வருத்தப்படுகிற மனிதரும் இருக்கிறாரே என்று புனிதனுக்கு நெகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

தோட்டத்துக் கடையில் ரொட்டி வாங்க மோட்டாரை நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றினான். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். கோயில் செயலாளர் திருச்செல்வம் ஓடிவந்து தோளைப் பிடித்தார்.

"எப்பப்பா ஆச்சு?"

"இப்பதாண்ணே. ஒரு மணி நேரம் இருக்கும்."

"ரொம்ப இழுத்துக்கிட்டு இருந்துச்சா?"

"அஞ்சாறு வருஷமாவே போய்க்கிட்டுதான் இருந்துச்சு. பாக்காத வைத்தியம் இல்ல. இனிமே எதுக்குன்னு நான்தான் முடிவு பண்ணிட்டேன்."

திருச்செல்வத்துக்கு முகம் வெளுத்துப்போனது. எச்சிலை விழுங்கிக்கொண்டு, "எடுக்கறது எப்ப?" என்றார்.

"எடுத்தாச்சே. பாத்தா தெரியலயா?"

"அதுக்குள்ளயா? ஒருத்தருக்கும் சொல்லாமயா?"

"இதுக்கெல்லாமாண்ணே ஊரக் கூட்டிச் சொல்லுவாங்க?" என்று புனிதன் வெட்கப்பட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துக் கடைக்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என்ன ஜனங்கள் இவர்கள், ஒரு மொட்டைக்கு இப்படியா என்று அவனுக்கு ஒரே குழப்பம். ரொட்டியைக்கூட மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

மரியகொரெட்டி அப்போதுதான் தேவாலயத்தில் பூசை முடிந்து திரும்பியிருந்தாள். இவனைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த பை கீழே விழுந்தது. மாமாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். எந்த மாமா என்றான் இவன். அவள் கிட்டே வந்து அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"மீசை எங்கங்க?"

கையை மேலுதட்டுக்குக் கொண்டுபோனான். வழவழவென்று இருந்தது. அப்புறம்தான் மூளையில் ஒவ்வொன்றாக உறைத்தது. அண்ணே, அப்பா இருக்காங்களா. எப்பப்பா ஆச்சு. எடுக்கறது எப்ப. தலையும் மீசையும் ஒன்றாகப் போன ஒரு தமிழன் தெருவில் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவனா அவன்?

கைப்பேசி கிர்ர் கிர்ர் என்று துடித்துக்கொண்டே இருந்தது. தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் திருச்செல்வம் போட்டுவிட்டார்: மண்டோர் புனிதனின் தந்தையார் மாயாண்டி காலமானார், காரியங்கள் முடிந்துவிட்டன. அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள்.

அப்பா நல்லாத்தான் இருக்காரு என்று எழுத உட்கார்ந்தான். 'அப்பா' வரைக்கும் எழுதியாயிற்று. அதற்கு மேல் விரல் நகரவில்லை.

நல்லாத்தான் இருக்கிறாரா? யாருக்குத் தெரியும்? கடைசியாகத் தீபாவளிக்கு அக்கா பேசியபோது அப்பாவுக்கு முட்டி வலி என்றாள். அது எட்டு மாதத்துக்கு முந்திய சங்கதி. கிழவருக்கு எழுபத்தொன்பது. ஏதாவது ஆகியிருந்தால் தனக்குச் சொல்வார்களா? வரவேண்டாம் என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார், அக்காவோ அப்பா பேச்சைத் தாண்டாதவள். அக்காவுக்கு அடித்தான். லைன் பிஸி. மறுபடி அடித்தான், பிஸி. ஐந்தாவது தடவையும் அப்படியே இருந்தது. முடிக்காகப் போட்ட மொட்டை அப்பாவுக்குப் போட்டதாகவே ஆகிவிடுமோ என்று பயந்தான். போய்ப் பார்த்துவிடலாம், நானும் வருகிறேன் என்றாள் மரியகொரெட்டி. நாலு வருடமாக அவள் அந்த வாசலை மிதித்ததில்லை.

பெடாஸ் போகிற வழி முழுக்கத் தலைக்கவசம் வழுக்கை மண்டையில் லொடலொடவென்று ஆடியது. என்ன வேண்டிக்கொள்வது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. அப்பா இருக்கணும், இருக்கணும் என்று வாய்க்குள் அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

அக்கா வீட்டு கேட்டில் ஐந்தாறு மோட்டார்கள் நின்றன. ஆட்கள் கூடியிருந்தார்கள். புனிதன் ஸ்டாண்டுகூடப் போடாமல் இறங்கிவிட்டான், மோட்டாரை மரியகொரெட்டிதான் பிடித்து நிறுத்தினாள். அப்போது உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. "இல்லைங்க, இருக்காரு. டீ குடிச்சுக்கிட்டு இருக்காருங்க" என்று கைப்பேசியில் யாருக்கோ கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். குழுச் செய்தி பரவியதிலிருந்து அவளுக்கு அதே வேலை.

பிளாஸ்டிக் நாற்காலியில் மாயாண்டி உட்கார்ந்திருந்தார். தலையில் பழைய துணித் தொப்பி, கையில் டீ. துக்கத்துக்கு வந்தவர்கள் அவரைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். புனிதனின் தலையைப் பார்த்ததும் எல்லாச் சிரிப்பும் நின்றது. கிழவர் டீயைக் கீழே வைத்தார். மகனின் தலையை, மீசையில்லாத முகத்தை, மறுபடி தலையைப் பார்த்தார்.

"எனக்கா போட்ட?"

ஆமாம் என்றால் உயிரோடு இருக்கிறவருக்குச் சாவு கொண்டாடிய பாவம். இல்லை என்றால்? அவர் எதைக் கேட்கிறார் என்றே புனிதனுக்குப் பிடிபடவில்லை. உண்மையைச் சொன்னான்.

"இல்லப்பா. முடி கொட்டிப்போச்சு. பாக்க அசிங்கமா இருந்துச்சு, அதான். மீசைய அந்த ஆளு தப்பா எடுத்துட்டாரு."

"எனக்கு இல்லையா" என்றார் அவர், மெதுவாக. கோபம் என்று நினைத்தான். கோபமில்லை, மனுசன் ஏமாந்துபோயிருந்தார்.

மாயாண்டி மரியகொரெட்டி பக்கம் திரும்பினார். "ஏம்மா, சாமி மேடையில சந்தனம் இருக்கு. கொஞ்சம் தண்ணி விட்டுக் கொழச்சுக் கொண்டா. இப்படியே போனான்னா ஊரு என்னைப் பொதச்சிரும்." அவள் தன்னைத்தான் சொல்கிறாரா என்று ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றி உள்ளே போனாள். சந்தனம் பூசினால் அது வேண்டுதல் மொட்டை. துக்கத்துக்குப் பூச மாட்டார்கள்.

புனிதன் நாற்காலிக்குக் கீழே குந்தினான். கிழவரின் கை சந்தனத்தோடு அவன் நெற்றியிலிருந்து பிடரிவரை போனது. சில்லென்றிருந்தது. நாலு வருடமாகக் கேட்க நினைத்ததை அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"நீங்க போற அன்னைக்கு நான் வரலாமாப்பா?"

கை உச்சியைத் தடவிக் காது ஓரத்துக்கு வந்தது.

"உச்சியில இனி ஒண்ணும் மொளைக்காதுடா. காது ஓரத்துல நாலு முடி வரும். அதையாச்சும் வளத்து வை" என்றார் மாயாண்டி. "எனக்குன்னு எடுக்கறதுக்கு ஏதாச்சும் இருக்கணும்ல."