ஜெபகுமார் சாரின் வகுப்பில் கேட்கப்பட்ட கேள்விகள்

ஜனவரியிலிருந்து மார்ச் வரை, வாரத்தில் இரண்டு நாள், மெஹ்னாஸ் கீழ்க்கட்டளையிலிருந்து ஸ்கூட்டியில் குரோம்பேட்டைக்கு வந்து, ஒரு அரசு உதவி பெறும் பள்ளியின் எட்டாம் வகுப்பு பி பிரிவில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். கற்பித்தலை ஆய்வு செய்யும் ஒரு நிறுவனம் அவளை அனுப்பியிருந்தது. மடியில் ஒரு அட்டை, அட்டையில் ஒரு படிவம். நாற்பது நிமிட வகுப்புக்கு நாற்பது கட்டங்கள். ஆசிரியர் பேசினால் ஒரு குறி, மாணவர் பதில் சொன்னால் ஒரு குறி, மாணவர் தானாகக் கேள்வி கேட்டால் ஒரு குறி, யாரும் பேசாவிட்டால் மௌனம் என்று ஒரு குறி. எந்தப் பிள்ளை பேசியது என்று இருக்கை வரைபடத்தில் ஒரு புள்ளியும் வைக்க வேண்டும். வகுப்பில் யாருடனும் பேசக் கூடாது, பார்த்ததைப் பள்ளியில் யாரிடமும் சொல்லக் கூடாது என்பது விதி.

அறிவியல் ஆசிரியரின் பெயர் ஜெபகுமார். ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் இருப்பார். சட்டையை ஒழுங்காக இஸ்திரி போட்டு அணிந்து வருவார். நவம்பரில் அவர் மனைவி டெங்கு காய்ச்சலில் இறந்துபோனதாக ஆசிரியர் அறையில் யாரோ சொன்னார்கள். பதினைந்து நாள் விடுப்பில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாராம். பிள்ளைகள் இல்லை. இதையெல்லாம் எழுதப் படிவத்தில் இடமில்லாததால் மெஹ்னாஸ் எழுதவில்லை.

அவர் நன்றாகத்தான் பாடம் எடுத்தார். குரலை உயர்த்துவதில்லை. பலகையில் எழுத்து நேர்க்கோட்டில் இருக்கும். பேசிக்கொண்டே வருவார், திடீரென்று நின்றுவிடுவார். சாக்பீஸ் கையில் இருக்கும், கண் சன்னலுக்கு வெளியே எங்கேயோ இருக்கும். நாற்பது விநாடி, சில நேரம் ஒரு நிமிடம். பிறகு ஒரு பிள்ளை கை தூக்கிக் கேள்வி கேட்கும். அவர் திரும்பிப் பார்த்து, பதில் சொல்லி, அங்கிருந்து பாடத்தைத் தொடர்வார்.

இரண்டாவது வாரம், வகுப்பு முடிந்ததும் அவர் மெஹ்னாஸிடம் வந்தார். அன்றன்று எடுத்த பாடத்தை எழுதி ஹெச்.எம்.மிடம் கையெழுத்து வாங்கும் நோட்டு கையில் இருந்தது.

"மேடம், இன்னைக்கு நான் எதுவரைக்கும் எடுத்தேன்? உங்க பேப்பர்ல இருக்குமா?"

அவள் விதியைச் சொன்னாள். அவர் தலையசைத்தார். கோபமோ வருத்தமோ அந்த முகத்தில் இல்லை. வகுப்பைவிட்டு வெளியே வந்தால் உள்ளே நடந்தது எதுவும் தமக்கு நினைவில் இருப்பதில்லை என்று, வேறு யாருக்கோ நடப்பதைச் சொல்வதுபோலச் சொன்னார். வீட்டிலும் அப்படித்தானாம். சாப்பிட்டோமா என்று தெரிந்துகொள்ள சிங்க்கில் தட்டு இருக்கிறதா என்று பார்ப்பாராம்.

மெஹ்னாஸ் படிவத்தின் ஓரத்தில் தான் குறித்திருந்ததைப் பார்த்து, வெப்பக் கடத்தல் முடிந்தது, வெப்பச்சலனத்தில் முதல் பத்தி என்று சொன்னாள். அவர் அதை எழுதிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் வாரம் இரண்டு முறை அவள் சொல்வதும் அவர் எழுதுவதும் வழக்கமானது. மற்ற மூன்று நாள் என்ன செய்கிறார் என்று அவள் கேட்கவில்லை.

பிப்ரவரி நடுவில் அவளுடைய மேலாளர் வைத்தீஸ்வரன் போன் செய்தார். நாற்பது ஆசிரியர்களில் ஜெபகுமாரின் வகுப்புதான் முதலிடம் என்றார். மாணவர்கள் தாமாகக் கேள்வி கேட்பது மற்ற வகுப்புகளில் சராசரியாக ஒன்றுகூட இல்லை, இங்கே ஒன்பது. யோசிக்க அவகாசம் கொடுத்து மௌனமாகக் காத்திருக்கும் ஆசிரியர் அபூர்வம் என்றார். அவர் வகுப்பை வீடியோ எடுத்து மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சியில் காட்டப்போவதாகச் சொன்னார். மெஹ்னாஸ் சரி சார் என்றாள்.

அடுத்த வகுப்பில் அவள் பிள்ளைகளின் கேள்விகளைக் கொஞ்சம் கவனித்துக் கேட்டாள். ஜெபகுமார் பாதியில் நின்றார். மூன்றாவது பெஞ்சில் பரணி எழுந்து, குக்கர் கைப்பிடி மட்டும் ஏன் சார் சுடுவதில்லை என்று கேட்டான். அதே கேள்விக்குப் போன வாரம் அவனே பதில் சொல்லியிருந்தான். மறுபடி நின்றார். இந்த முறை யாரும் எழவில்லை. அவளுக்கு முன்பெஞ்சிலிருந்த நிஷா தன் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பக்கத்திலிருந்த ஜெயஸ்ரீயை முழங்கையால் இடித்தாள். ஜெயஸ்ரீ எழுந்து ஏதோ கேட்டாள். மெஹ்னாஸ் எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை கோடு போட்டு, ஒவ்வொரு நாளின் கீழும் ஏழெட்டுப் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்த நிஷாவிடம் அவள் அந்த நோட்டைப் பற்றிக் கேட்டாள். அந்தப் பெண் டிபன் பாக்ஸை மூடிவிட்டுச் சொன்னாள்.

"சாரு நின்னுட்டாரு மிஸ். ஒரு நாளு பீரியட் ஃபுல்லா அப்டியே நின்னுகினு இருந்தாரு. ஹெச்.எம். ரவுண்ட்ஸ் வந்து பாத்துட்டாங்க. எங்களுக்கு ஒரு மாரி பேஜாராப் பூட்ச்சி. கேள்வி கேட்டா திரும்பிப் பாக்குறாரு. அதான் ஆளுக்கு ஒரு நாளு போட்டோம்."

"பாடம் புரியுதா உங்களுக்கு?"

"புரிது மிஸ். கேள்வி யோசிக்கணும்னா படிச்சிட்டு வரணும்ல."

மாலையில் மெஹ்னாஸ் வைத்தீஸ்வரனுக்கு போன் செய்து இதைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, பிள்ளைகள் கேட்டார்களா என்பதுதான் நம் படிவம், எதற்காகக் கேட்டார்கள் என்பதற்கு அதில் கட்டம் இல்லையே என்றார். வீடியோ அடுத்த வெள்ளிக்கிழமை என்றார். அவர் சொன்னது தவறு என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஆனால் கேமராவுக்கு முன்னால் ஜெபகுமார் நிற்பதையும், முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் முறைவைத்து எழுவதையும் நினைத்துப் பார்த்தவள், அதுவரை நிரப்பிய படிவங்களை எடுத்துப் பையில் வைத்தாள்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும், நோட்டோடு வந்த ஜெபகுமாரிடம் பதினொரு படிவங்களையும் கொடுத்துவிட்டாள். அவர் சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக நின்று ஒவ்வொன்றாகப் படித்தார். மௌனக் கட்டங்களில் விரல் வைத்து எண்ணினார். வரைபடத்தில் புள்ளி இருந்த இடங்களைப் பார்த்து, பிள்ளைகளின் பெயர்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

"எல்லாருமா?" என்று கேட்டார்.

"கிட்டத்தட்ட எல்லாரும் சார். நீங்க நிக்கும்போதெல்லாம், முறை போட்டு."

அவர் தாள்களை வரிசைப்படி அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

"இதைப் படிச்சா அழுகை வரணும். வரல பாருங்க," என்றார். "யாருக்கோ வந்த லெட்டரப் படிச்ச மாதிரி இருக்கு."

அன்று நோட்டில் எழுத அவள் உதவியை அவர் கேட்கவில்லை. நேராக ஹெச்.எம். அறைக்குப் போய், நிறுவனம் பள்ளியில் அனுமதி கேட்டிருந்த வீடியோவுக்குத் தம்மால் முடியாது என்று சொன்னார். ஹெச்.எம். பார்த்த அந்த ஒரு நாள் மட்டுமல்ல, தினமும் நிற்பதைப் பற்றியும் அவரே சொல்லிவிட்டதாக மெஹ்னாஸுக்குப் பிறகு தெரிந்தது. ஹெச்.எம். அவரை மருத்துவரிடம் போகச் சொல்லி, பத்தாம் வகுப்பை அவரிடமிருந்து எடுத்து வேறு ஒருவரிடம் கொடுத்தார். அதற்கும் அவர் சரி என்றார்.

அடுத்த வகுப்பில் அவர் பாதியில் நின்றார். பரணி எழுந்தான். அவன் கேட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அவர் சொன்னார்:

"இது உனக்குத் தெரியும் பரணி. நீங்க எதுக்குக் கேக்குறீங்கன்னு எனக்கும் தெரியும். இனிமே தெரியாததை மட்டும் கேளுங்க. நான் நின்னா, விட்டுடுங்க. நானே வருவேன்."

நிஷா எழுந்து நின்றாள்.

"வரலன்னா சார்?"

அவர் யோசித்தார்.

"வரலன்னா பெல் அடிக்கும்மா," என்றார்.

ஒரு பையன் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவர் பலகைப் பக்கம் திரும்பி, கதிர்வீச்சு என்று எழுதினார்.

அதன்பின் வந்த வகுப்புகளில் கேள்விகள் குறைந்தன. ஒருநாள் இரண்டு, ஒருநாள் ஒன்றுமே இல்லை. மௌனம் நீண்டது. ஒருமுறை நான்கு நிமிடம். பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டினார்கள், பேனா மூடியைக் கடித்தார்கள், யாரும் பேசவில்லை. அவர் தானாகத் திரும்பி எதுவரை சொன்னேன் என்று கேட்டார். நிறையக் குரல்கள் ஒரே நேரத்தில் சொல்லின. மெஹ்னாஸ் எல்லாவற்றையும் அதனதன் கட்டத்தில் குறித்தாள். மார்ச் மாதத்துக்கான பட்டியலில் ஜெபகுமார் முதலிடத்திலிருந்து இருபத்திரண்டாம் இடத்துக்கு வந்திருந்தார். வைத்தீஸ்வரன் காரணம் கேட்டபோது, வகுப்பு அப்படித்தான் இருந்தது சார் என்று மட்டும் சொன்னாள். படிவங்களை ஜெபகுமாரிடம் காட்டியதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லாததற்காகத் தூக்கம் கெடவும் இல்லை.

கடைசி நாள் ஜெபகுமார் கேட் வரை கூட வந்தார். மருத்துவர் ஒரு மாத்திரை கொடுத்திருப்பதாகவும், அது வேலை செய்கிறதா என்று தெரியவில்லை என்றும் சொன்னார். அடுத்து எந்தப் பள்ளி என்று கேட்டார்.

"படப்பை சார்."

"வண்டியிலயா போவீங்க?"

"தாம்பரத்துல வண்டிய விட்டுட்டு பஸ்ல."

"ஏழரைக்கு முன்னாடி ஏறிடுங்க. அதுக்கப்புறம் ஒரகடம் கம்பெனிக்குப் போறவங்க கூட்டம். நிக்கக்கூட இடம் இருக்காது."

அவள் சரி என்றாள். அவர் ஒரு நிமிடம் அங்கேயே நின்றார். அவள் கேள்வி எதுவும் கேட்காமல் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு அவர், அடுத்த பீரியட் ஏழாம் வகுப்பு என்று சொல்லிவிட்டு மாடிப்படியை நோக்கி நடந்தார்.