யாரும் கேட்கவில்லை

டெல்லி ஓரம் பவானாவில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் காலை பதினொரு மணிக்குப் பழைய பிரஸ் இயந்திரத்தை முதல்முறையாக ஓட்டிப் பார்த்தார்கள். பிரான்சில் இருபது வருடம் தகடு அடித்துவிட்டு டெல்லிக்கு வந்த இயந்திரம். விற்ற பிரெஞ்சுக் கம்பெனியின் வக்கீல் அகல்யா, ஒப்படைப்புத் தாளில் கையெழுத்து வாங்க வந்து ஓரமாக நின்றாள்.

மூன்று மாதம் முன்பு அந்தக் கம்பெனி அனுப்பிய மெயிலில் ஒரு வரி இருந்தது. யாரும் கால்மிதியை அழுத்தாமலே இந்த பிரஸ் இரண்டு முறை கீழே இறங்கியிருக்கிறது. ஒப்பந்தத்தை எந்த நாட்டுச் சட்டத்தில் போடலாம் என்றும் கேட்டிருந்தார்கள். அகல்யா இரண்டு பக்கம் எழுதினாள். பிரெஞ்சுச் சட்டத்தில், வாங்குகிறவர் முடிவை மாற்றக்கூடிய சங்கதி விற்கிறவருக்குத் தெரிந்திருந்தால் அவராகவே சொல்லியாக வேண்டும். வெள்ளைக்காரன் விட்டுப்போன நம் சட்டத்தில் பொய்தான் சொல்லக்கூடாது. சும்மா இருப்பது பெரும்பாலும் மோசடியாகாது, கேட்டுத் தெரிந்துகொள்வது வாங்குகிறவர் பாடு. ஆகவே இந்தியச் சட்டம், உள்ளது உள்ளபடி விற்பனை என்று முடித்திருந்தாள். சீனியர் சங்கரநாராயணன் படித்துவிட்டு, இத்தனை தெளிவாக யாரும் எழுதியதில்லை என்றார். அவளுக்கு இரண்டு நாள் மனசு நிறைந்து கிடந்தது.

இயந்திரத்தில் தகடு வைக்க வந்தவன் கலியமூர்த்தி. அவள் போனில் தமிழ் பேசியதைக் கேட்டுவிட்டு, எந்த ஊருங்க மேடம் என்று சிரித்தான். தான் செஞ்சிப் பக்கம் என்றான். அப்பாவுக்குக் கும்பகோணம், நான் பிறந்ததே இங்கே கரோல் பாக் என்று அவள் தன் தடுமாறும் தமிழில் சொன்னாள். மெயிலில் இருந்த அந்த வரி அப்போது அவள் நினைவுக்கு வந்தது. வாய்வரை வந்தது.

"பாத்து பண்ணுங்க," என்றாள். அவ்வளவுதான்.

ஆறு தகடு நன்றாக விழுந்தது. ஏழாவதை இரண்டு கையாலும் நேராக்கிக்கொண்டிருந்தான். கால் தரையில்தான் இருந்தது. பிரஸ் இறங்கியது.

சத்தம் முந்தின ஆறு முறை கேட்ட அதே சத்தம். இரத்தம் மேல்நோக்கிப் பீச்சி அகல்யாவின் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது. அவன் கத்தவில்லை, கையை இழுத்தான், வரவில்லை, மறுபடி இழுத்தான். இரண்டாவது இழுப்பில்தான் அலறினான். யாரோ மெயின் ஸ்விட்சை அணைத்தார்கள். அணைத்ததும் பிரஸ் மேலே ஏறவும் வழியில்லை. கடப்பாரையால் நெம்பி அவனை எடுக்கப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. அதுவரை அவன் தோளை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தவள் அகல்யா.

ஆஸ்பத்திரியில் இரண்டு கையையும் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். ரோஹிணியில் நாலு வீட்டில் சமைக்கும் அவன் மனைவி பொன்னி, மாவு ஒட்டிய கையோடு ஓடி வந்தாள். அகல்யாவின் சட்டையெல்லாம் இருந்த இரத்தத்தைப் பார்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தப் பிடியை அகல்யாவால் தாங்க முடியவில்லை. அந்த மிஷின் தானாகவே இறங்கும் என்று தனக்கு முன்பே தெரியும் என்று சொல்லிவிட்டாள். ஏன் சொல்லவில்லை என்று பொன்னி கேட்டாள்.

"யாரும் கேக்கல."

பொன்னி பிடித்திருந்த கையை விட்டாள்.

"கேக்கலன்னா சொல்ல மாட்டியா?"

பொன்னி விட்ட முதல் அறையில் அகல்யாவின் உதடு கிழிந்தது. பொன்னி அவள் முடியைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினாள், ஒருமுறை, இன்னொருமுறை. பல் ஒன்று ஆடியது. அகல்யா கையைத் தூக்கவில்லை. காவலாளிகள் இருவர் ஓடிவந்து பொன்னியைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை வைத்துக் கையை முறுக்கினார்கள். அவள் தோளில் ஏதோ மளுக்கென்றது. அகல்யா ஒருவனை இடுப்பில் எட்டி உதைத்தாள். தனக்குள் அப்படியொரு உதை இருந்தது அவளுக்கே தெரியாது. "சோட்தோ பையா, உஸ்கோ சோட்தோ," என்று அவளை விடச்சொல்லி இரத்தம் துப்பியபடி இந்தியில் கத்தினாள்.

அன்று இரவு சங்கரநாராயணன் போனில் நிதானமாகப் பேசினார். "நீ பண்ணினதுல சட்டப்படி ஒரு தப்பும் இல்லம்மா. கட்சிக்காரனோட மெயில் வெளிய போச்சுன்னாதான் தப்பு. உன் வக்கீல் சன்னதே போயிடும்."

அவர் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் காலை மெயிலையும் தன் இரண்டு பக்கத்தையும் அச்செடுத்துக் காவல் நிலையத்தில் கொடுத்தாள். கடைசியில் எழுதியவர் என்று அவள் பெயர் இருந்தது. இன்ஸ்பெக்டர் அந்தப் பெயரையும் அவள் வீங்கிய முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஊரைவிட்டுப் போகக்கூடாது என்றார்.

அங்கிருந்து வார்டுக்குப் போனாள். பொன்னி ஒரு கையைக் கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்டுக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். அகல்யா நகல்களை மேசையில் வைத்து, போலீசில் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். பொன்னி திரும்பவில்லை.

கலியமூர்த்தி விழித்திருந்தான். கட்டுப்போட்ட வலது கையை முகத்தருகே கொண்டுவந்தான். பாதியில் நிறுத்தி, அதையே பார்த்தான்.

"மூக்கு அரிக்குதுடி," என்றான்.

பொன்னி எழுந்து, நல்ல கையின் நகத்தால் மெதுவாகச் சொறிந்துவிட்டாள். இங்கயா என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் மேல என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.