விரலில் சுற்றிய கயிறு

"பல்லு புடுங்கறதுக்கு இன்னாத்துக்குடி மயக்க மருந்து? நாலு பேரு அமுக்கிப் புடிச்சா ஆச்சு. அதுக்கு இன்னா வலி தெரியப் போவுது?"

மாமியார் நாகம்மாள் வாசலை மறித்து நின்று கேட்டாள். ஒன்பது வயது தங்கவேலின் வீங்கிய கன்னத்தில் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டிருந்த வசந்தா நிமிர்ந்தாள்.

"அது இல்ல அத்தே. அவன். உங்க பேரன்."

தங்கவேலுக்குப் பேச்சு வரவில்லை. அவனுக்கு இருப்பது ஆட்டிசம் என்று பட்டணத்து டாக்டர் ஒருவர் கூறியிருந்தார். திருநின்றவூரில் அப்படியொரு சொல்லை எவரும் கேள்விப்பட்டிராததால் தெருவுக்கு அவன் பைத்தியமாகவே இருந்தான். சில நாட்களாக அவன் சுவரில் தலையை மோதிக்கொண்டபோது, பைத்தியம் முற்றிவிட்டதென்று நாகம்மாள் மந்திரிக்க அழைத்துச் சென்றாள். வாயைத் திறந்து பார்த்தவள் வசந்தா ஒருத்திதான். கடைவாய்ப் பற்கள் அழுகிச் சீழ் பிடித்திருந்தன.

கணவனும் மாமியாரும் உடன் வர, வசந்தா மகனை ஆவடியிலிருந்த ஒரு நர்சிங் ஹோமுக்குக் கொண்டுவந்தாள். ஆபரேஷன் தியேட்டரின் வாசலில் ஆயா முனியம்மா காத்திருந்தாள். வந்தவுடனே தங்கவேலின் கைகளையும் கால்களையும் ஸ்ட்ரெச்சர் கம்பிகளோடு பேண்டேஜ் துணியால் இறுக்கிக் கட்டினாள். அவன் அலறிய அலறல் தெருமுனை வரை கேட்டிருக்கும். பெஞ்சில் வரிசையாக அமர்ந்திருந்தவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. ஓர் அம்மாள் மட்டும், ஸ்ட்ரெச்சர் தட்டிவிடப் போகிறதே என்று தன் டிபன் கேரியரை நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"கட்டாதம்மா! என் மடில குந்த வச்சா மயக்க மருந்து மாஸ்க்கை வச்சிப்பான். ஊட்டுல புனலை மூக்குல வச்சி வெளாட்டு காட்டிப் பழக்கி வச்சிகீறேன். நானும் உள்ள வரேன்" என்றாள் வசந்தா.

"இந்த மாதிரி பசங்களக் கட்டித்தாம்மா கொண்டு போவோம்" என்றாள் நர்ஸ். பிறகு, பேச்சை அத்தோடு முடித்துவிடும் சிரிப்புடன், "உள்ள வரணும்னா உடம்புல நகை எதுவும் இருக்கக் கூடாது. தாலியைக் கழட்டுவியா?" என்று கேட்டாள்.

"புருசன் குத்துக்கல்லாட்டம் பக்கத்துல நிக்கறான், எவ கழட்டுவா?" என்று முனியம்மாவும் சிரித்தாள்.

தாய்மார்களை அந்த வாசலோடு நிறுத்துவதற்கு அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்துவந்தது. அதைக் கேட்டபின் எவளும் இரண்டாம் முறை வாய் திறந்ததில்லை.

வசந்தா மகனைப் பார்த்தாள். கட்டப்பட்ட கையால் அவன் அவளுடைய கழுத்தை எட்ட முயன்றுகொண்டிருந்தான். அவளுடைய தாலிக்கயிற்றை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொள்ளாமல் அவன் ஒரு நாளும் உறங்கியதில்லை.

அவள் இரு கைகளையும் பின்கழுத்துக்குக் கொண்டுபோய்க் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தாள்.

"அடிப் பாவி! எம்புள்ள உசுரோட கீறான்டி!" என்று நாகம்மாள் மார்பில் அறைந்துகொண்டாள்.

"உங்க புள்ள உசுரோட கீறாரு அத்தே. எம்புள்ளையும் உசுரோடதான் கீறான். அவனுக்கும் வலிக்குது."

கயிற்றில் கோத்திருந்த பொன் பொட்டையும் குண்டுகளையும் உருவிக் கணவன் சம்பத்தின் உள்ளங்கையில் வைத்தாள். தாயின் முகத்தையும் மனைவியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த சம்பத், அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குனிந்தான். மகனின் கால் கட்டை அவிழ்க்கத் தொடங்கினான்.

கூச்சல் கேட்டு வெளியே வந்த மயக்க மருந்து டாக்டரம்மா, வசந்தாவின் வெறும் கழுத்தையும் அவள் கையிலிருந்த மஞ்சள் கயிற்றையும் பார்த்தார்.

"சிஸ்டர், இதுதானே நீங்க போட்ட கண்டிஷன்?"

நர்ஸ் ஸ்ட்ரெச்சரை விட்டு நகர்ந்தாள்.

"அந்த அம்மாவுக்கு ஒரு கவுன் குடுங்க. கைக்கட்டையும் அவுத்துடுங்க."

உள்ளே, தாயின் மடியில் அமர்ந்து, கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு, தங்கவேல் புனலை ஏற்பதுபோல மாஸ்க்கை முகத்தில் ஏற்றான். சற்று நேரத்தில் சுற்றிய விரல் தளர்ந்தது. அதன்பின்தான் அவள் எழுந்து வெளியே வந்தாள்.

மாலையில், வார்டில் பிள்ளை உறங்கிக்கொண்டிருந்தான். கயிறு அவன் விரலிலேயே இருந்தது. பார்வையாளர் நேரமாதலால் கூட்டம் நிறைந்திருந்தது. காலையில் பெஞ்சில் அமர்ந்திருந்த டிபன் கேரியர் அம்மாளும் வந்திருந்தாள். ஒரு பிள்ளையைக் கை கால் கட்டியபோது திரும்பாத அந்தக் கண்கள், இப்போது வசந்தாவின் கழுத்தை விட்டு அகலவில்லை.

"ஐயோ, இந்தச் சின்ன வயசுலயா?" என்று அவள் பக்கத்திலிருந்தவளிடம் உச்சுக்கொட்டினாள்.

நாகம்மாள் குறுகிப்போனாள். "பொயுது சாயறதுக்குள்ள அந்தக் கவுத்த உருவிக் கட்டிக்கடி. சம்பத்து, நீயாவது சொல்லேன்டா. இல்லாங்காட்டி முந்தானைய இழுத்து மூடு. பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?"

சம்பத் மகனுடைய விரலைப் பார்த்தான். "அவன் எந்திரிக்கட்டும்மா" என்றான்.

"பாத்துக்கினு போவட்டும் அத்தே" என்றாள் வசந்தா. "காலைல பாக்காதவங்க, இப்பவாச்சும் பாக்கறாங்களே."

அவள் முந்தானையை இழுத்தாள். ஆனால் கழுத்தை மூடிக்கொள்ளவில்லை. அதன் நுனியால், பிள்ளையின் உதட்டோரத்தில் கசிந்திருந்த இரத்தத்தைத் துடைத்தாள்.